புகையை விட்டபின் ஏறும் எடை

பல்லாண்டு காலம் பீடியும் சிகரெட்டும் பிடித்துப் பழகிய ஒருவர், இரத்தக் கொதிப்பு இருப்பதாக மருத்துவர் சொன்னதும் அவற்றை அடியோடு விட்டுவிடுகிறார். வீட்டார் மகிழ்கின்றனர். மூன்று மாதம் கழிகிறது. சட்டை இறுகுகிறது, எடை மூன்று கிலோ கூடியிருக்கிறது. 'எடை ஏறினால் கொதிப்பும் ஏறுமே. இதற்குப் பழைய பழக்கமே மேல்' என்று மனம் ஊசலாடுகிறது. நல்ல முயற்சிகள் பல வீணாவது இந்த இடத்தில்தான்.

அன்பர்களே! எடை ஏன் ஏறுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். புகையிலையிலுள்ள நிகோடின் பசியை மட்டுப்படுத்துகிறது. உடலின் எரிசக்திச் செலவையும் கூட்டுகிறது. நாளுக்கு 24 சிகரெட் புகைப்போரின் உடல் ஏறத்தாழ 200 கலோரி மிகுதியாகச் செலவிடுவதை, சுவிட்சர்லாந்தில் நடைபெற்று 1986இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. புகையை நிறுத்தினால் அச்செலவு நின்றுவிடுகிறது. நாவின் சுவை திரும்புகிறது. கையும் வாயும் எதையேனும் தேடுகின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான கணக்கின்படி, மருந்தின் துணையின்றிப் புகையை விட்டோருக்கு ஓராண்டில் சராசரியாக 4.7 கிலோ கூடியது. பெரும்பகுதி ஏறியது முதல் மூன்று மாதங்களிலேயே. எடை குறைந்தோரும் அவர்களில் உண்டு.

இதற்கு அஞ்சி மீண்டும் புகைப்பது அறிவுடைமையாகாது. ஒவ்வொரு முறை புகைக்கும்போதும் இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் உயர்கின்றன. கொதிப்பால் நொந்த இரத்தக் குழாய்கள் மேலும் கெடுகின்றன. புகையை விட்ட ஓராண்டில், அதனால் வந்த இதய நோய் அபாயம் பாதியளவு குறைகிறது. எடை சற்று ஏறினாலும், நீரிழிவு இல்லாதவர்களுக்கு இந்த நன்மை குன்றுவதில்லை என்பதை அமெரிக்காவின் பிராமிங்காம் ஆய்வு 2013இல் எடுத்துக்காட்டியது.

ஆயினும் ஏறும் எடையைக் கண்டும் காணாதிருத்தல் கூடாது. அதைத் தடுப்பது கடினமும் அன்று. இரண்டு கரண்டிச் சர்க்கரை இட்ட தேநீரை நாளுக்கு நான்கு முறை அருந்துகிறவர், சர்க்கரையால் மட்டும் ஏறத்தாழ 160 கலோரி பெறுகிறார். அச்சர்க்கரையை விட்டாலே கணக்கு பெரிதும் நேராகிவிடும் அன்றோ!

வாய் தேடும்போது முறுக்கும் மிக்சரும் சமோசாவும் வேண்டாம். அவற்றின் எண்ணெய் எடையை ஏற்றும். உப்போ கொதிப்பையே ஏற்றும். வெள்ளரிக்காய், கொய்யா, உப்பிடாத சுண்டல் ஆகியவை ஏற்றவை. புகைக்கும் வேட்கை சில நிமிடங்களில் தணியும். அதுவரை ஒரு குவளை நீர் அருந்தி, சிறிது நடந்து வாருங்கள். பஜ்ர் தொழுகைக்குப் பின் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாளேனும் விரைந்து நடப்பது நலம்.

இல்லத்தரசியரே! உங்கள் பங்கு பெரிது. நாளுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி அளவுதான். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் இந்த அளவை எளிதில் மீறச் செய்யும்.

ரமலானில் பகலெல்லாம் புகையைத் தவிர்க்கும் நோன்பாளிக்கு, அதை முற்றிலும் விட அதுவே நல்ல தருணம். இப்தாரில் நோன்புக் கஞ்சியோடு வடையும் சமோசாவும் குவிந்தால் பயன் கெடும். மாத்திரை உண்ணும் நேரத்தை நோன்பு தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டறிக; தாமாக மாத்திரையை நிறுத்தற்க.

பட்டினி கிடந்து எடையைக் குறைக்க முயலவும் வேண்டாம். பசி புகை வேட்கையைத் தூண்டும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். நிகோடின் மெல்லும் பசை வேட்கையைத் தணித்து, எடை ஏறுவதையும் தள்ளிப்போடும். அதை மருத்துவர் சொற்படியே பயன்படுத்துக.

வயிற்றை முழுவதும் நிரப்பாமல் நீருக்கும் மூச்சுக்கும் இடம் விடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அளவு கற்பித்திருக்கிறார்கள். புகையை விட்டவருக்கு அந்த அளவே சிறந்த மருந்து. உடல் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அதைப் பேணிக் காக்க வல்ல இறைவன் துணைபுரிவானாக!