மொட்டைக் காயமும் கழுத்துத் துடிப்பும்

பள்ளிப்பட்டுப் பக்கத்தில் பிள்ளைக்கு முதல் மொட்டை என்றால் பெரும்பாலும் திருத்தணிதான். சவரக்கத்தி கொஞ்சம் பிசகினால் போதும், சந்தனம் பூசும் முன்பே ரத்தம் நெற்றியில் இறங்கிவிடும். கூட வந்த பாட்டி பதறிப்போவார். காயத்தைப் பார்த்தால் கால் அங்குலம்கூட இருக்காது.

தலைத்தோலில் ஐந்து அடுக்குகள் உண்டு. ரத்தக்குழாய்கள் ஓடுவது இரண்டாவது அடுக்கில். அங்குள்ள நார்த்திசு குழாய்ச் சுவரை இறுகப் பிடித்திருக்கிறது. கையில் வெட்டுப்பட்டால் குழாய் தானாகச் சுருங்கும். தலையில் சுருங்க வழியில்லாமல் திறந்தே கிடக்கும். போதாததற்கு நாலா பக்கமிருந்தும் வரும் தமனிகள் அங்கே பின்னிக் கிடக்கின்றன. மஞ்சள்தூளைத் தேடி ஓட வேண்டாம். சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் கையெடுக்காமல் அழுத்துங்கள். அடியில் மண்டையோடு இருப்பதால் அழுத்தம் நன்றாகப் பிடிக்கும். சின்னக் கீறலுக்கு இதுவே போதும்.

பயப்பட வேண்டிய இடம் இன்னும் கீழே, கழுத்தில் இருக்கிறது.

திருத்தணியின் 365 படிகளையும் ஏறி மூச்சு வாங்கும்போது, குரல்வளை மேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு விரலை மெதுவாக வைத்துப் பாருங்கள். (ஒரு பக்கம் மட்டும், இரு பக்கமும் சேர்த்து அழுத்தினால் மயக்கம் வரலாம்.) துடிப்பது கரோட்டிட் தமனி. குரல்வளை மேட்டின் உயரத்தில் அது இரண்டாகப் பிரிகிறது. வெளிக் கரோட்டிட் எட்டுக் கிளைகள் விட்டு முகம், நாக்கு, தலைத்தோல் என்று பரவும். ஆடிக் கிருத்திகைக்கு அலகு குத்துகிறவர்களின் கன்னத்துக்கு ரத்தம் தருவதும் இதுதான். உள் கரோட்டிட் கழுத்தில் ஒரு கிளைகூட விடாமல் நேரே மூளைக்குப் போகும். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது.

கழுத்தெலும்புத் துளைகள் வழியே பின்பக்கமாக இன்னும் இரண்டு தமனிகள் ஏறுகின்றன. இரு பக்க உள் கரோட்டிட்களும் இவையுமாக நான்கும் மூளையடியில் ஒரு வளையமாக இணைவதை 1664-ல் தாமஸ் வில்லிஸ் விளக்கினார். அந்த நூலுக்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர், லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தை வடிவமைத்த கிறிஸ்டோபர் ரென். ஒரு வழி அடைத்தால் மற்றதிலிருந்து ரத்தம் சுற்றி வர இந்த வளையம் உதவும். ஆனால் எல்லோருக்கும் அது முழுமையாக அமைவதில்லை.

கரோட்டிட் பிரியும் இடத்தில் ரத்தம் சீராக ஓடாமல் சுழிப்பதால், கொழுப்பு அங்கேதான் அதிகம் படிகிறது. ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பீடியும் அதற்குத் துணை. அதில் ஒரு துணுக்கு உடைந்து மேலே போய் அடைத்தால் பக்கவாதம். பெரும்பாலும் வலி இருக்காது, வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாது. அதனால்தான் வாயு என்று சொல்லித் தைலம் தேய்த்து, விடியட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, பக்கவாதம் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பள்ளிப்பட்டிலிருந்து சென்னை நூறு கிலோமீட்டருக்கும் மேல். வாய் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சு குழறினால் உடனே 108-ஐ அழையுங்கள். சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துவைத்து மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.