அன்னம்மாள் வாய் திறந்து கேட்டாள்

ஜூலை கடைசி வாரம் வந்துவிட்டால் பினாங்கு ஜார்ஜ் டவுன் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் பாதிக்கு மேல் கடல் தாண்டிப் போய்விடும். ஃபெரியில் பட்டர்வொர்த், அங்கிருந்து ரயிலோ பஸ்ஸோ பிடித்துப் புக்கிட் மெர்தாஜாம். மரியாளின் தாய் புனித அன்னம்மாளின் திருநாள் 26-ஆம் தேதி. சீனர், தமிழர், சபா சரவாக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், நேர்த்திக்கடன் வைத்த இந்துக்கள் என்று லட்சம் பேருக்கு மேல் கூடுகிற இடம். இங்கு முதல் சிற்றாலயம் 1846-இல் ஹக்கா சீன விவசாயிகளுக்காக எழுந்தது. இன்று திருத்தலமாக இருக்கும் பழைய கோயில் 1888-இல் கட்டியது. கம்யூனிஸ்ட் கலவரக் காலத்தில் அந்தப் பக்கமே தடைசெய்யப்பட்டு, கோயில் பல வருடம் பூட்டிக் கிடந்தது. புதிய பெரிய கோயில் 2002-இல் வந்தது; 2019-இல் பசிலிக்கா ஆனது.

வருகிற பெண்களில் பலர் கேட்பது ஒன்றுதான்: ஒரு பிள்ளை. நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கரு கலைந்து படுத்திருக்கும் பெண்ணின் கட்டிலருகே மாமியாரோ நாத்தனாரோ நின்று, “ஆண்டவர் சித்தம்மா, அழாத” என்று சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனால் அந்தப் பெண் அதோடு வாயை மூடிக்கொள்வாள். மறுநாள் ரவுண்ட்ஸில் டாக்டர் எது கேட்டாலும் தலையாட்டல் மட்டும்தான் வரும்.

அன்னம்மாளே அப்படி இருந்தவளில்லை. அவளைப் பற்றி நான்கு நற்செய்தி நூல்களிலும் ஒரு வரி கிடையாது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘யாக்கோபின் முதல் நற்செய்தி’ என்ற பழைய நூலிலிருந்துதான் அவள் கதை நமக்கு வருகிறது. திருச்சபை அதை விவிலியத்தில் சேர்க்கவில்லை; கதையை மட்டும் மக்கள் விடவில்லை. பிள்ளை இல்லை என்று கணவர் சுவக்கின் அவமானப்பட்டு, வீட்டுக்குக்கூடத் திரும்பாமல் பாலைவனத்துக்குப் போய் நாற்பது நாள் நோன்பிருக்கிறார். அவளோ தோட்டத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, மேலே குருவிக்கூட்டைப் பார்த்து, பறவைக்கும் விலங்குக்கும் தண்ணீருக்கும் மண்ணுக்கும்கூடக் கொடுத்ததை எனக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கடவுளிடமே புலம்புகிறாள். அதற்குப் பிறகுதான் வானதூதர் வருகிறார். மரியாள் பிறக்கிறாள்.

அந்த மரியாளும், நீ ஒரு மகனைப் பெறுவாய் என்று வானதூதர் கபிரியேல் வந்து சொன்னதும் உடனே தலையாட்டிவிடவில்லை. இது எப்படி நடக்கும் என்று கேட்டு, பதிலைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் சம்மதித்தாள் என்று லூக்கா எழுதுகிறார். கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவும், முடியுமானால் இந்தத் துன்பம் வேண்டாம் என்று மன்றாடிவிட்டுத்தான் தந்தையின் விருப்பத்துக்குத் தன்னைக் கொடுத்தார். கீழ்ப்படிதல் என்று நாம் கொண்டாடும் இந்தக் கதைகளில் கேள்வி முன்னால் வருகிறது. நம் வீடுகளில் அந்த முதல் பாதியை வெட்டிவிட்டோம் என்பதுதான் என் குறை.

வெட்டுவதால் யாருக்கு லாபம் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். மனைவி கணவனுக்குப் பணிந்திருக்க வேண்டும் என்ற எபேசியர் திருமுகப் பகுதி கலியாணப் பூசையில் வாசிக்கப்படும்போது, மாப்பிள்ளை வீட்டு பெஞ்சில் ஒரு சிரிப்பு ஓடும். அதற்கு நேர் முந்தின வசனம், ஒருவருக்கொருவர் பணிந்திருக்கச் சொல்கிறது. அதை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1988-இல் பெண்களின் மாண்பு பற்றி எழுதிய மடலில், அந்தப் பணிவு இருவருக்கும் உரியது என்று தெளிவாகவே விளக்கினார். 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் குடும்ப அன்பு பற்றிய தம் ஊக்கவுரையில், பவுலின் சொற்கள் அந்தக் காலத்துப் பண்பாட்டில் எழுதப்பட்டவை என்றும், ஒருவரை ஒருவர் அடக்கி ஆள்வதற்கு அதில் இடமில்லை என்றும் எழுதினார்.

பிள்ளைகள் விஷயத்திலும் இதே கதைதான். பெற்றோருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் அதே திருமுகம், பிள்ளைகளுக்கு எரிச்சலூட்டாதீர்கள் என்று அடுத்த மூச்சிலேயே தகப்பன்மாரிடம் சொல்கிறது. பன்னிரண்டு வயதில் இயேசு ஆலயத்தில் தங்கிவிட, தாயும் தகப்பனும் மூன்று நாள் தேடினார்கள். கண்டுபிடித்ததும் தாய் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டாள். பிள்ளையும் பதிலுக்குக் கேட்டது. பிறகு அவர்களோடு நாசரேத்துக்குப் போய்ப் பணிந்து வளர்ந்தது. மகன் எந்தப் படிப்புக்குப் போவது, மகள் யாரைக் கட்டுவது என்பதையெல்லாம் ‘சாமி சித்தம்’ என்று முடிவு கட்டும் அப்பாக்கள் இந்தப் பகுதியை ஒருமுறை மெதுவாக வாசிக்கலாம்.

நம்பிக்கையிலும் இப்படி ஒரு பாதியை வெட்டிவிடக் கூடாது. எங்கள் பிளாட்டில் ஒரு அண்ணன், செபத்தில் குணமாகிவிட்டது என்று இன்சுலினை நிறுத்திவிட்டு, கால் புண்ணோடு என் கதவைத் தட்டினார். செபிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செபத்தை முடித்துவிட்டு ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள் அண்ணே என்றேன். மருந்தையும் டாக்டரையும் கொடுத்தவரும் அதே ஆண்டவர்தானே.

எல்லாவற்றிலும் மோசம், அடியைச் சிலுவை என்று சொல்லிக் கொடுப்பது. வீங்கிய முகத்தோடு வார்டுக்கு வந்து, குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லும் கர்ப்பிணியிடம், சிலுவையைச் சுமக்கத்தான் வேண்டும் என்று அவளுடைய சொந்தத் தாயே சொல்லிக் கேட்டிருக்கிறேன். கணவன் கை ஓங்குவது கடவுளின் சித்தம் ஆகாது. மலேசியாவில் அது குற்றம். 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். போலீசில் புகார் கொடுத்துப் பாதுகாப்பு ஆணை வாங்கலாம். பினாங்கிலேயே 1985 முதல் இயங்கும் மகளிர் உதவி மையம் ஒன்று, டபிள்யூ.சி.சி., இருக்கிறது.

இந்த ஜூலையில் புக்கிட் மெர்தாஜாமுக்குப் போகிறவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றும்போது கேட்க வேண்டியதைக் கேளுங்கள், கோபமாக இருந்தாலும் பரவாயில்லை. அடி விழும் வீட்டில் இருப்பவர் திருநாள் வரை காத்திருக்க வேண்டாம். தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் 15999, இரவிலும் எடுப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999.