முகத்துக்கு எதிரே என்ன இருக்கிறது?

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகனுக்குத் தை மாதம் கல்யாணம். அதற்கு முன்பே ஜோடியாக அவுட்டோர் ஷூட் எடுத்தாக வேண்டும் என்று பெண்ணும் பிள்ளையும் பிடிவாதமாக இருக்கிறார்களாம். போட்டோகிராபர் கொடுத்த பட்டியலில் ஊட்டி, மூணாறு, கொடைக்கானல். "செலவைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. பக்கத்தில் நல்ல இடமே கிடையாதா?" என்று கேட்கிறார்.

தாராளமாக இருக்கிறது. முதலில் அந்தப் பட்டியலைக் கொஞ்சம் பாருங்கள். மலை, அருவி, தேயிலைத் தோட்டம் என்று எல்லாமே ஆளுக்குப் பின்னால் தெரியப்போகிற சமாச்சாரம். முகம் எப்படி விழும் என்பதோ ஆளுக்கு முன்னால், கேமராக்காரரின் முதுகுப்பக்கம் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. படத்தில் வராத இடமாயிற்றே என்று யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

படத்தில் அது ஓரிடத்தில் வரும். கண்ணில்.

கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் கார்னியா ஒரு குட்டிக் குவி ஆடி. அதன் வளைவு ஆரம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் திருப்பி அனுப்பும். மீதி உள்ளே போய்விடும். அந்த இரண்டு மூன்று பங்கே போதும். எங்கள் வீட்டு எவர்சில்வர் குழிக்கரண்டியின் முதுகில் ஜன்னல், அடுப்பு, எட்டிப் பார்க்கும் என் தலை எல்லாம் சுருங்கித் தெரிவதுபோல, எதிரே உள்ள இடம் மொத்தமும் அந்தச் சின்ன வளைவில் அடங்கிவிடுகிறது. கண்ணுக்குள் இப்படித் தோன்றும் பிம்பங்களை 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்தவர் செக் நாட்டு உடலியல் அறிஞர் யான் புர்கின்யே. கண் மருத்துவர்கள் இன்றும் அவற்றை அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். போட்டோகிராபர்களுக்கு அது 'கேட்ச் லைட்'. அது விழாத கண் எவ்வளவு அழகான கண்ணாக இருந்தாலும் படத்தில் தூங்கி வழியும்.

இந்தப் பைத்தியம் பிடித்ததிலிருந்து பழைய படங்களை ஸ்கேன் செய்து கண்ணைப் பெரிதாக்கிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. என் அத்தையின் கல்யாணப் படம் கும்பகோணத்து ஸ்டூடியோ ஒன்றில் எடுத்தது. பின்னால் திரைச்சீலையில் தீட்டிய அரண்மனைப் படிக்கட்டு, அன்னப்பறவை எல்லாம் உண்டு. அத்தையின் கருவிழியில் மட்டும் உண்மையான இடம் இருக்கிறது: இடப்பக்கம் பெரிதாக ஒரு வெள்ளைக் கட்டம், வலப்பக்கம் சின்னதாக இன்னொன்று, நடுவே கறுப்பாக ஒரு மொத்தை. இரண்டு விளக்குகளும், கேமராவுக்குப் பின்னால் நின்ற ஆளும்.

ஸ்டூடியோவில் விளக்கை நகர்த்தலாம். வெளியே சூரியனை நகர்த்த முடியாது. ஆளைத்தான் நகர்த்த வேண்டும். உச்சி வெயிலில் புருவ எலும்பின் நிழல் கண்குழியை மூடிவிடும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் நண்பகலில் சூரியன் நேர் தலைக்கு மேலேயே வந்து நிற்கும். அப்போது முகத்தில் தெரிவது மூக்கும் நெற்றியும்தான். சூரியன் 14 லட்சம் கிலோமீட்டர் அகலம் என்றாலும், இருக்கும் தூரத்துக்கு நம் கண்ணுக்கு அரை டிகிரிதான் தெரிகிறது. அவ்வளவு சின்ன விளக்கு வெட்டினாற்போலத்தான் நிழல் போடும். பரந்த வானம் அப்படியில்லை; அதுவே ஒரு பெரிய விளக்கு. எனவே தலைக்கு மேல் கூரை, எதிரே திறந்த வானம் என்று அமைந்த இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

நம் ஊரில் அதற்குத் தாழ்வாரம் என்று பெயர். செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்தைச் சுற்றி ஓடும் தாழ்வாரத்தின் ஓரத்திலிருந்து ஓரடி உள்ளே தள்ளி, முற்றத்தைப் பார்த்து நில்லுங்கள். கண்ணில் வெள்ளையாக ஒரு பெரிய கட்டம் விழும். தெருத் திண்ணையும் இதே வேலையைச் செய்யும். கார் நிறுத்த இடமில்லை என்று தாத்தா கட்டிய திண்ணையை இடித்துத் தள்ளிவிட்டு, ரிசார்ட்டில் புதிதாகக் கட்டிய திண்ணைக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். அதற்கு மேல் அதைப் பற்றி நான் என்ன சொல்ல?

அடுத்து, பச்சை. புல்தரையும் அடர்ந்த மரமும் படத்துக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை. புல்லில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமும் பச்சையாகத்தான் வரும். போய் உட்காருவது மோவாய்க்கு அடியில். நேரில் பார்க்கும்போது நம் மூளை அதைத் தள்ளுபடி செய்துவிடும், கேமரா செய்யாது. முகம் முழுக்கப் பச்சை என்றால் கணினியில் சரிசெய்துவிடலாம். கழுத்து பச்சை, நெற்றி நீலம் என்றால் எடிட் செய்பவர் சபிப்பார். பிச்சாவரத்தில் படகை அலையாத்திக் காட்டின் குறுகிய வாய்க்காலுக்குள் விடச் சொல்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. அகலமான நீர்ப்பரப்பில் எடுத்தால் காடும் பின்னால் இருக்கும், முகமும் பிழைக்கும்.

மாலைப் பொன்வெயிலை நம்பித் திட்டம் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக விழுகிறது. அடிவானத்துக்கு மேல் 6 டிகிரியில் இருக்கும் சூரியன் அரை மணிக்குள் மறைந்துவிடும். ஜூன் மாத லண்டனில் அதே இறக்கத்துக்கு ஏறக்குறைய இரு மடங்கு நேரம் ஆகும். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு, பொன்வெயிலில் நான்கு உடை மாற்றலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

ரயில் தண்டவாளம் மட்டும் வேண்டவே வேண்டாம். 1989 ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைந்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் போகட்டும், போஸ் கொடுக்கிறவர்களுக்குப் பின்னால் வருகிற வண்டி கேட்பதில்லை. கடற்கரையில் ஜிகினாத் தாளைத் தூவுகிறவர்களும், கல்யானையின் மேல் ஏறி உட்காருகிறவர்களும் என் கண்ணில் படாமல் இருப்பது நல்லது.

மன்னார்குடியிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்தில் இருப்பது தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை அங்கே கடலைப் பார்த்து நிற்கிறது. எல்லோரும் சூரிய உதயத்துக்கு ஓடுகிறார்கள். கடலிலிருந்து வரும் வெயில் நேராக முகத்தில் அடிக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். நீங்கள் மாலையில் போங்கள். சூரியன் ஊர்ப்பக்கம் சாய்ந்ததும் கோட்டையின் நிழல் கடல் பக்கம் நீளும். அந்த நிழலில், கோட்டை முதுகுக்குப் பின்னால் இருக்க, இருவரையும் கிழக்கே பார்த்து நிறுத்துங்கள். எதிரே கடலும் வானமும்தான், மறைப்பு எதுவும் கிடையாது. கேமராவோடு உள்ளே போவதற்கான அனுமதியை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கையோடு ஒரு வெள்ளை வேட்டியும் எடுத்துப் போங்கள். படத்தில் விழாத தூரத்தில், ஜோடியின் காலடிக்கு முன்னால் விரித்துவிட்டால் மோவாய்க்கு அடியில் உள்ள இருட்டு விலகும். கண்ணின் கீழ்ப்பாதியிலும் மங்கலாக ஒரு வெள்ளைத் திட்டு சேரும். பட்டு வேண்டாம், வெளுத்த பருத்தி வேட்டியே போதும். கரை பச்சையாக இருந்தால் உள்ளே மடித்துவிடுங்கள். நான்கு முனையிலும் கல் வைக்கவும் மறக்காதீர்கள், கடற்காற்று.