கோரைப் புல் காக்கும் விரிகுடா

குளிக்கிறோம், துணி துவைக்கிறோம், பாத்திரம் கழுவுகிறோம். அழுக்குநீர் சாக்கடையில் இறங்கியதும் நம் கண்ணைவிட்டு மறைந்துவிடுகிறது. ஆனால் அது ஓர் ஆற்றிலோ, ஏரியிலோ, கடலிலோ போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும். அங்கே என்ன நிகழ்கிறது?

சாக்கடை நீரிலுள்ள கரிமப் பொருள்களை நுண்ணுயிர்கள் உண்கின்றன. அப்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்கின்றன. 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனே கரைந்திருக்கும். ஒரு லிட்டர் சாக்கடை நீரைச் சிதைக்கவோ ஐந்து நாள்களில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு லிட்டர் சாக்கடை, இருபது லிட்டருக்கும் மேற்பட்ட நல்ல நீரின் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும்! மீன்கள் மூச்சுத் திணறி மடிவதில் வியப்பென்ன?

பெருநகரங்களில் இயந்திரங்களால் காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் ஊட்டுகிறார்கள். இதற்கு மின்சாரமும் பணமும் ஏராளமாகத் தேவை. சிற்றூர் என்ன செய்யும்? இதற்கு விடை கண்ட ஊர்களுள் ஒன்று, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் வடகடலோரத்தில் உள்ள ஆர்கேட்டா.

ஆர்கேட்டாவின் கழிவுநீர் சேருமிடம் ஹம்போல்ட் விரிகுடா. அங்கே உணவுக்காகச் சிப்பிகளை வளர்க்கிறார்கள். சிப்பி நீரை வடிகட்டி உண்ணும் பிராணி. நீரில் நோய்க்கிருமி இருந்தால் அது சிப்பியின் உடலிலும் சேரும். ஆகவே ஊராரின் சாக்கடை, சிப்பி வளர்ப்போரின் பிழைப்பையும் உண்போரின் உடல்நலத்தையும் பாதிக்கக்கூடியது.

விரிகுடாவுக்கு நன்மை விளைவிக்கும் என்று மெய்ப்பித்தாலொழியக் கழிவுநீரை அதில் விடக்கூடாது என 1974-இல் மாநிலம் விதி வகுத்தது. சுற்றுவட்டார ஊர்களின் கழிவுநீரை ஒரே நிலையத்தில் சேர்த்துச் சுத்திகரித்து வெளிக்கடலில் விடும் திட்டமும் எழுந்தது. செலவை எண்ணி மலைத்த ஆர்கேட்டா மாற்றுவழி தேடியது. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஆலன், ராபர்ட் கியர்ஹார்ட் ஆகிய பேராசிரியர்கள் சதுப்புநிலத்தைப் பரிந்துரைத்தனர். 1979-இல் சோதனை தொடங்கியது. 1986-இல் முழு அமைப்பும் செயல்பட்டது.

அது வேலை செய்யும் விதம் எளிது. முதலில் கம்பிச் சல்லடை குப்பையைத் தடுக்கிறது; தொட்டியில் கசடு படிகிறது. பிறகு நீர் அகன்ற குளங்களில் நாள்கணக்கில் தேங்குகிறது. அங்கே பாசிகள் சூரிய ஒளியால் ஆக்சிஜனை உண்டாக்க, நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன. ஆனால் ஒரு சிக்கல்! பாசிகளே நீரோடு வெளியேறி மடிந்தால், மீண்டும் ஆக்சிஜன் குறையுமே? இங்கேதான் சதுப்புநிலம் உதவுகிறது. நம் ஏரிக்கரையில் நீங்கள் கண்டிருக்கும் கோரையும் சம்பும் போன்ற செடிகள் அங்கே அடர்ந்து வளர்கின்றன. அவற்றின் நிழலில் பாசி வளர முடியாமல் படிந்துவிடுகிறது. நீரில் மூழ்கிய தண்டுகளில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் எஞ்சிய அழுக்கை உண்கின்றன. கிருமிநீக்கம் செய்தபிறகே நீர் விரிகுடாவை அடைகிறது.

பழைய குப்பைமேட்டையும் மர அறுவை ஆலையின் குளத்தையும் அடுத்திருந்த அப்பகுதியில் இன்று 300-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் காணப்பட்டுள்ளன!

எனினும் சதுப்புநிலம் மந்திரக்கோல் அன்று. இதற்கு நிலம் நிறைய வேண்டும். குளிர்காலத்தில் நுண்ணுயிர்கள் மந்தமடையும். பெருமழையில் நீர்வரத்து மிகும். கடல்மட்டம் உயர்ந்துவருவதால், தாழ்வான கரைகளைக் காப்பதும் அவ்வூருக்குப் புதிய கவலை. ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களை நுண்ணுயிர்கள் சிதைக்கமாட்டா. அவை சேற்றிலேயே தங்கும். எனவே பெயிண்டையும் எஞ்சின் எண்ணெயையும் சாக்கடையில் கொட்டாமலிருப்பதே முதற் சுத்திகரிப்பு. அது நம் வீட்டில் தொடங்குகிறது.

உங்கள் ஊர்ச் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது? அந்த நீரைப் பயன்படுத்துவோர் யார்? ஒருநாள் அதன் வழியே நடந்து சென்று பாருங்களேன்.