உதைபந்தாட்டப் பிரிவுகளும் ஏற்றவிறக்கமும்

ஒத்த வலியினர் பொருதும்போதே ஆட்டம் சுவைக்கும். பத்துக்குப் பூச்சியமென முடியும் ஆட்டத்தால் வென்றவர் பயிற்சி பெறார். தோற்றவர் ஊக்கங் கொள்ளார். கழகங்களைப் பிரிவுகளாக வகுத்ததன் நோக்கம் இதுவே.

1888 இல் 12 கழகங்களுடன் தோன்றிய இங்கிலாந்து உதைபந்தாட்ட லீக், 1892 இல் இரண்டாம் பிரிவைச் சேர்த்துக்கொண்டது. எவர் மேலேறுவர் என்பதைச் சோதனை ஆட்டங்களே முதலில் தீர்மானித்தன. 1898 இல் நிகழ்ந்தது நகைப்புக்குரியது. ஸ்ரோக், பேண்லி என்னும் இரு கழகங்களுக்கும் இறுதி ஆட்டத்திற் சமநிலையே போதுமாயிருந்தது. கோல் எதுவுமின்றியே ஆட்டம் முடிந்தது! அதன்பின் சோதனை ஆட்டங்கள் ஒழிந்தன. கீழ்ப்பிரிவில் முதலிரு இடத்தினர் ஏற, மேற்பிரிவில் ஈற்றிரு இடத்தினர் இறங்கும் விதி வந்தது.

ஊதியம் பெறாதார் ஆடும் உள்ளூர்ப் போட்டிகளுக்கு இவ்விதி அத்துணை பொருந்துவதன்று. தொழில், திருமணம், இடமாற்றம் என வீரர் ஆண்டுதோறும் பிரிவர். புள்ளி அட்டவணை அளந்தது சென்ற ஆண்டின் பதினொருவரையே. மேலேறுவதோ கழகத்தின் பெயர் மட்டும். வாரந்தோறும் படுதோல்வியுற்று, ஆட்களைத் திரட்ட இயலாது, பருவம் முடியுமுன்னரே கலையும் கழகங்கள் பல. மறுபுறம், தேர்ந்த வீரர் கூடிப் புதுக்கழகம் அமைப்பின் கடைப்பிரிவிலேயே தொடங்கவேண்டும். அங்குள்ள இளைஞர் பாடு சொல்லவேண்டியதில்லை.

புதுக்கழகத்தைத் தக்க பிரிவில் நேரே சேர்க்கும் உரிமையை நிர்வாகக் குழுவுக்கு அளிப்பது ஒரு வழி. பாரபட்சத்துக்கு அது இடமளிக்குமென்பர். அளிக்கலாம், ஆயினும் பதினாறு வயதுச் சிறுவர் பந்தைத் துறந்து வீடு திரும்புவதினும் அது சிறு தீங்கென்பதே எமது கருத்து.