கரை சொல்லும் கலர் கணக்கு

அரக்கு நிறப் புடவைக்குக் கிளிப்பச்சைக் கரை. கத்தரிப்பூ நிறத்துக்கு மாம்பழ மஞ்சள் கரை. காஞ்சிபுரம் பட்டில் தலைமுறை தலைமுறையாக நெய்யப்படும் ஜோடிகள் இவை. நூல்கண்டுகளாகத் தனித்தனியே பார்த்தால் ஒட்டாத நிறங்கள் போலத் தோன்றும். ஒரே புடவையில் சேர்ந்ததும் இரண்டுமே எடுப்பாகிவிடுகின்றன. உடைக்கு நிறம் சேர்ப்பதில் உள்ள அடிப்படைகள் அத்தனையும் இந்தப் புடவையிலேயே இருக்கின்றன.

பக்கத்து நிறம் செய்யும் வேலை

நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் முறையை நியூட்டன் 1704-இல் வெளியான தம் ஒளியியல் நூலில் பயன்படுத்தினார். ஓவியர்களிடம் இன்று புழங்கும் வண்ணச் சக்கரத்தில் சிவப்புக்கு நேர் எதிரே பச்சை, நீலத்துக்கு எதிரே ஆரஞ்சு, மஞ்சளுக்கு எதிரே ஊதா. எதிரெதிர் நிறங்கள் அருகருகே வந்தால் ஒன்றை மற்றொன்று தூக்கிக் காட்டும். அரக்கு–பச்சை, கத்தரிப்பூ–மஞ்சள் ஜோடிகளின் சூட்சுமம் இதுதான். பச்சையும் நீலமும், மஞ்சளும் ஆரஞ்சும் போலச் சக்கரத்தில் அடுத்தடுத்து நிற்கும் நிறங்கள் சேர்ந்தால் பார்வைக்கு அமைதி கிடைக்கும்.

இதை முறையாக ஆராய்ந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல். 1824-இல் பாரிஸின் கோப்ளான் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். அங்கே நெய்யப்பட்ட நீல, ஊதாத் துணிகளில் கறுப்பு வெளிறித் தெரிகிறது என்று புகார் இருந்தது. சாயத்தில் கோளாறு இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கண்ணுக்குக் கறுப்பை மாற்றிக் காட்டின. அடுத்தடுத்த நிறங்கள் ஒன்றின் தோற்றத்தை மற்றொன்று மாற்றும் என்ற இந்த விதியை 1839-இல் நூலாக வெளியிட்டார். எந்த நிறமும் தன்னளவில் நல்லதோ கெட்டதோ இல்லை; அக்கம்பக்கம்தான் அதைத் தீர்மானிக்கிறது.

கோர்வையும் சரிகையும்

நிறம் பளிச்சென்று தெரிய அது கலப்படமில்லாமல் இருக்க வேண்டும். கோர்வை நெசவு அதற்காகவே இருக்கிறது. புடவையின் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் தலா ஒரு நாடா என, குறுக்கு நூலான ஊடையைச் செலுத்தும் மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடலின் ஊடை நூல் கரைக்குள் நுழையாமல், கரையின் ஊடையோடு எல்லையில் கோத்துக்கொண்டு திரும்பிவிடுகிறது. அதனால் கரையில் நெடுக்கு நூலான பாவும் ஊடையும் ஒரே நிறமாக நின்று பச்சை பச்சையாகவே தெரிகிறது. கோர்வை இல்லாத புடவையில் உடலின் ஊடை கரைக்குள்ளும் ஓடுவதால், சிவப்பு ஊடை கலந்த பச்சைக் கரை மங்கிப்போகிறது.

எதிர் நிறங்கள் இரண்டும் ஒரே அளவு அடர்த்தியில் நேருக்கு நேர் மோதினால் கண் கூசும். நடுவே வரும் சரிகைக் கோடு அந்த மோதலைத் தணிக்கிறது. கரையோரம் நெய்யும் தாழம்பூ ரேக்கின் பல்வரிசை, எல்லையை நேர்க்கோடாக விடாமல் ஒரு நிறத்தை மற்றொன்றுக்குள் மெல்ல இறக்குகிறது. எந்த நிறத்தோடும் பகைக்காத பொதுநிறம் பொன். வெள்ளை, கறுப்பு, சாம்பல், சந்தன நிறங்களுக்கும் இந்தக் குணம் உண்டு. முரண்டு பிடிக்கும் இரண்டு நிறங்களுக்கு நடுவே இவற்றில் ஒன்றை வைத்தால் போதும்.

எவ்வளவு நிறம்?

எதிர் நிறங்களைச் சரிபாதியாக எடுத்தால் எது முதன்மை என்று கண்ணுக்குப் புரியாது. 48 அங்குல அகலப் புடவையில் இரு பக்கமும் 6 அங்குலக் கரை வைத்தால், கரைக்குக் கால் பங்கும் உடலுக்கு முக்கால் பங்கும் கிடைக்கின்றன. சரிகையின் பங்கு அதற்குள்ளே இன்னும் சிறியது. பெருநிறம் ஒன்று, துணைநிறம் ஒன்று, மினுக்கு ஒன்று என்ற இந்தக் கணக்கு எந்த உடைக்கும் பொருந்தும். இரு கரைக்கும் வெவ்வேறு நிறம் கொடுக்கும் கங்கா ஜமுனா புடவையில் ஏற்கெனவே மூன்று நிறம் இருப்பதால், ரவிக்கைக்கு நான்காவது நிறம் வேண்டியதில்லை.

ரவிக்கை எந்த நிறம்?

கட்டியபின் மேல்கரை இடுப்பில் மறைந்து, தோளில் முந்தானை மடிப்போடு மீண்டும் வெளியே வருகிறது. அங்கே அது ரவிக்கையின் மேலேயே படிகிறது. ரவிக்கை கரையின் நிறத்தில் இருந்தால் கரை அதோடு கலந்து, உடலின் நிறம் துலங்கும். உடலின் நிறத்தில் இருந்தால் கரை தனியாக எடுத்துக் காட்டும். எதைக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தால் ரவிக்கையின் நிறம் தானே கிடைத்துவிடும்.

மயில் கழுத்துப் புடவையில்தான் குழப்பம். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்பதால் மடிப்புக்கு மடிப்பு நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரியும். அந்தக் கலவையை அப்படியே ரவிக்கைத் துணியில் தேடினால் கிடைப்பது அரிது. வெட்டிய ஓரத்தில் பிரிந்து நிற்கும் இழைகளைப் பார்த்தால் இரண்டு நிறமும் தனித்தனியே தெரிந்துவிடும். அவற்றில் ஒன்றை எடுத்தால் தப்பாது.

சுடிதார், வேட்டி, சட்டை

பூப்போட்ட குர்தாவுக்கு, அந்தப் பூக்களில் சிறிதளவே வரும் நிறத்தில் லெகிங்ஸோ துப்பட்டாவோ எடுத்தால் உடை முழுவதும் ஒன்றாகிவிடும். வேட்டியின் கரை நிறத்தில் சட்டை போடும் இன்றைய வழக்கமும் இதே கணக்குத்தான். இரண்டு துண்டுகளிலும் பெரிய டிசைன் இருந்தால் நிறம் பொருந்தினாலும் உடை பொருந்தாது. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இந்த நிறம் ஆகாது என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. ஆழ்ந்த தோல் நிறத்தில் மஞ்சளும் வெள்ளையும் பளிச்சிடுவதற்குக் காரணமும் செவ்ரல் சொன்ன அதே முரண்தான்.

கடைசியாக, வெளிச்சம்

புடவையைக் கடை வாசல்வரை எடுத்துப்போய் வெயிலில் விரித்துப் பார்க்கும் வழக்கத்துக்கு அறிவியல் துணை உண்டு. வேறு வேறு சாயம் ஏற்றிய இரண்டு துணிகள் டியூப் லைட்டில் ஒரே நிறமாகத் தெரிந்து, பகல் வெளிச்சத்தில் தனித்தனியாகப் பிரிந்து நிற்கலாம். மஞ்சள் விளக்கில் கருநீலம் கறுப்பாகத் தெரியும். ஆகவே மேட்சிங் சென்டருக்குப் போகும்போது நிறத்தை மனதில் எடுத்துப்போகாமல் புடவையையே எடுத்துப்போக வேண்டும். துணியை வெட்டச் சொல்வதற்கு முன் இரண்டையும் வாசல் வெளிச்சத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாலை வரவேற்புக்கான உடையாக இருந்தால், விளக்கு வெளிச்சத்திலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.