முடக்குவாதமும் எலும்பின் தேய்வும்

வேலூரினின்று ஆரணிக்குச் செல்லும் வழியில் கண்ணமங்கலம் என்னும் ஊர் உளது. அதனைச் சூழ்ந்த ஆரணி நாடு பட்டு நெசவிற்குப் பெயர் பெற்றது. அறுந்த இழையைத் தேடி முடிதலும் சரிகை கோத்தலும் விரல்களின் தொழிலன்றோ? ஆதலின் நெசவாளருக்குத் தறியினும் சிறந்த முதல் அவர்தம் விரல்களே. அவ்விரல்களை முடக்கும் முடக்குவாதத்தையும், அதன் தொடக்கத்திலேயே நிகழும் எலும்புத் தேய்வையும் குறித்து ஈண்டுச் சில கூறுவாம்.

மிகுந்த உழைப்பால் வரும் மூட்டுவலி வேறு, இந்நோய் வேறு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே பகையெனக் கருதித் தாக்குவதால் இது விளைகின்றது. ஆடவரினும் பெண்டிரை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுவது. இரு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்குதலும், காலையில் அரைமணி நேரத்திற்கு மேல் விறைத்து நிற்றலும் இதன் முதற் குறிகள்.

எலும்பு கல்லைப்போல் மாறாதது எனப் பலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. ஒருவகை உயிரணுக்கள் பழைய எலும்பைக் கரைக்க, மற்றொருவகை புதிய எலும்பைக் கட்டிக்கொண்டே இருக்கின்றன. இவ்விரண்டும் ஒத்து நிற்குங்காறும் தீங்கில்லை. முடக்குவாதத்திலோ, அழற்சியுற்ற மூட்டுச் சவ்வினின்று எழும் பொருள்கள் கரைப்பனவற்றைப் பெருக்கிக் கட்டுவனவற்றைத் தளர்த்துகின்றன. அதனால் மூட்டை அடுத்த எலும்பு முதலில் அடர்த்தி குன்றுகின்றது. காலம் நீளின் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் மெலிந்து, சிறு வீழ்ச்சியாலும் முறியக்கூடும்.

நெதர்லாந்து நாட்டில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆராய்ச்சியில், நோய் புதிதாய்த் தோன்றிய 508 பேர் சேர்க்கப்பட்டனர். முதலாண்டிலேயே கையெலும்பின் அடர்த்தி விரைந்து குன்றியவர்களுக்குப் பின்னர் மூட்டுச் சிதைவும் மிகுதியாயிற்று. தொடக்கத்திலேயே பல மருந்துகளைச் சேர்த்து அழற்சியை அடக்கப்பெற்றோர்க்கு அத்தேய்வு குறைந்தது. எனவே முதலாண்டின் தேய்வு பின்வருங் கேட்டிற்கு முன்னறிவிப்பு எனலாம்.

மருந்தின் வரலாறும் எச்சரிக்கை தருவது. 1948இல் அமெரிக்க வைத்தியர் ஹென்ச் என்பார் கார்ட்டிசோனைக் கொடுத்தபோது, படுக்கையிற் கிடந்தோர் எழுந்து நடந்தனர். 1950இல் அவருக்கும் வேறிருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும் அவ்வகை மருந்தை நெடுநாள் உட்கொள்ளின் எலும்பு கரையும் என்பது விரைவிற் புலப்பட்டது. வைத்தியர் அளவறிந்து சிறிது காலம் தருங்கால் அழற்சியை அவித்து எலும்பைக் காப்பதும் அதுவே. கடையில் தாமே வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குங்கால் அழிப்பதும் அதுவே.

இக்காலத்து முதன்மையான மருந்து மெத்தோட்ரெக்சேட். இது வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ளத்தக்கது. நாடோறும் உண்பின் உயிர்க்கே ஏதமாம். எலும்பின் அடர்த்தியை அளக்கும் கதிர்க்கருவியும் உண்டு. கேழ்வரகு, பால், கீரை, சிறிது வெயில், இயன்ற நடை ஆகியன எலும்பிற்குத் துணையாம், புகையிலையோ பகை.

1900இல் ஐடா ஸ்கட்டர் அம்மையார் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய வேலூர் மருத்துவமனை, இன்று வாத நோய்க்கெனத் தனித்துறை உடையதாய்க் கண்ணமங்கலத்திற்கு அணித்தே விளங்குகின்றது. ஆயினும் 'தறி வேலையால் வந்த வலி' என்று தைலம் பூசி நாள் கழிப்போர் பலர். இழந்த எலும்பை முற்றும் மீட்டல் அரிது; இழவாமற் காத்தல் எளிது. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்காள்! வீங்கிய விரல்களோடு தறியில் அமர்ந்திருக்கும் தாயையோ தமக்கையையோ காணின், காலந்தாழ்த்தாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். நாம் கற்ற கல்வி பிறர்க்குப் பயன்படுதற்கு இதுவும் ஒரு வழியன்றோ?